முயல் வேட்டையும் தோட்டாத் தெரிவும்

ஒரு தொழிலிலே கையாளப்படும் சிறிய பொருளொன்றை ஊன்றி நோக்கினால், அத்தொழிலுக்குரிய அறிவின் பெரும்பகுதி அதனுள் அடங்கியிருப்பதைக் காணலாம். உழவனுடைய கொழுவும் மீனவனுடைய தூண்டிலும் இத்தகையவை. வேட்டைக்காரனுடைய தோட்டாவும் இத்தகையதே. பெருவிரலின் பருமனும் இரண்டரை அங்குல நீளமுங் கொண்ட அச்சிறு குழாயினுள்ளே கணக்கு, உலோக நூல், உடற்கூற்று நூல் ஆகியவற்றோடு ஓரளவு அறநூலும் அடைக்கப்பட்டிருக்கின்றது. முயலைச் சுடுவோர் தோட்டாவை எவ்வாறு தெரிந்தெடுத்தல் வேண்டும் என்பதே இப்பேச்சின் பொருள்.

இதற்கு இங்கிலாந்து நாட்டு வழக்கை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றேன். சன்னம் சுடும் வேட்டைத் துவக்கின் அளவுமுறை அங்கே நன்கு ஆராயப்பட்டு ஒழுங்கு செய்யப்பட்டதாகும். நம் நாட்டவர் வழங்கும் ‘பன்னிரண்டு போர்’ என்னும் பெயரும் ஆங்கிலேயராட்சியோடு இங்கு வந்து சேர்ந்ததே. எனினும் இரு நாட்டு முயல்களும் ஒன்றல்ல என்பதை முதலிலேயே மனத்திற் கொள்ளுதல் வேண்டும். நம் புதர்க்காடுகளிற் காணப்படும் முயல் நிலத்தின் மேலேயே புல்லிடையிற் படுத்து வாழ்வது. நெடுங்காலும் நெடுஞ்செவியும் உடையது. இங்கிலாந்து மக்கள் பெரிதும் சுடுவதோ வளை தோண்டிக் கூட்டமாக வாழும் குழிமுயல். ஏறக்குறைய மூன்று இறாத்தல் நிறையே அதற்குண்டு. இவ்வேறுபாடு தோட்டாவின் தெரிவிலும் வந்து நிற்கும்.

குழிமுயலை இங்கிலாந்திற் பெருகச் செய்தவர் நோர்மானியர். 12ஆம் நூற்றாண்டளவில் இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் அதனைக் கொணர்ந்து, காவலுள்ள மேட்டு நிலங்களிலே வளர்த்தனர். காவலைத் தாண்டிய முயல் காலப்போக்கிற் கமக்காரனின் பகையாயிற்று. முளைவிட்ட கோதுமையையும் கிழங்கிலையையும் அது மேய்ந்து அழித்தது. ஆயினும் வேட்டையுரிமை பெரும்பாலும் நிலவுடைமையாளரிடமே இருந்தமையால், குத்தகைக்கு உழுதவன் தன் பயிர் அழிவதைக் கண்டும் கைகட்டி நிற்கவேண்டியவனானான். 1880ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்றே நிலத்தைப் பயிரிடுவோனுக்கு அதிலுள்ள முயல்களைக் கொல்லும் நீக்கமுடியாத உரிமையை வழங்கியது.

பின்னர் 1953ஆம் ஆண்டில் மிக்சோமட்டோசிசு என்னும் கொள்ளைநோய் பிரித்தானியாவை அடைந்தது. இரண்டாண்டுகளுக்குள் அந்நாட்டு முயல்களில் நூற்றுக்கு 99 வீதத்துக்கு மேற்பட்டவை மாண்டன என்று கணிக்கப்பட்டது. கண்கள் வீங்கிக் குருடாகி, பல நாள் துன்புற்று, வீதியோரங்களில் அவை இறந்து கிடந்த காட்சி மக்களின் மனத்தை உலுக்கியது. நோயுற்ற முயலை அறிந்தே பிறவிடங்களிற் பரப்புவது 1954ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குற்றமாக்கப்பட்டது. அதே சட்டம் முயலைக் கட்டுப்படுத்தும் கடமையை நிலமுடையோர் மீது சுமத்தியது. ஆகவே கொல்லவேண்டும், கொல்லுமிடத்துத் துன்பமின்றிக் கொல்லவேண்டும் என்பதே அந்நாட்டு முயல் வேட்டையின் அடிப்படைச் சிக்கலாகும். தோட்டாவின் தெரிவு முக்கியத்துவம் பெறுவது இங்கேதான். தவறான தோட்டாவினாற் காயப்பட்ட முயல் வளைக்குள் ஓடி மறைந்துவிடும். சுட்டவன் ‘தப்பிவிட்டது’ என்று எண்ணிப் போய்விடுவான். அதுவோ நிலத்தின் கீழே பல மணி நேரம், சிலவேளை பல நாள், உயிருக்குப் போராடும்.

இனித் தோட்டாவைப் பிரித்துப் பார்ப்போம். அதன் அடிப்பாகம் பித்தளையோ வேறு உலோகமோ பூண்டது. அதன் நடுவிலே பற்றவைக்கும் கேப்பு இருக்கின்றது. விசையை இழுத்ததும் ஊசி கேப்பிலே தாக்க, அது பொறி கக்கி, அடுத்துள்ள வெடிமருந்தைப் பற்றவைக்கும். மருந்துக்கு மேலே தக்கை. இது சணற்கூழ் போன்ற நாராலோ பிளாஸ்டிக்காலோ ஆனது. தக்கைக்கு மேலேதான் சன்னங்கள் நிறைக்கப்பட்டிருக்கின்றன. மருந்து எரிந்து எழும் வாயு தக்கையைத் தள்ள, தக்கை சன்னங்களைத் தள்ள, அவை செக்கனுக்கு 1,200 அடிக்கு மேற்பட்ட வேகத்துடன் குழல்வாயை விட்டு வெளியேறும். ஆனால் உருண்டையான சிறு மணிகளாதலால் காற்று அவற்றை விரைவிலே தடுத்துவிடும். 40 யார் தூரத்தை அடையும்போது தொடக்க வேகத்தில் ஏறக்குறையப் பாதியே எஞ்சியிருக்கும்.

‘12 போர்’ என்பதன் பொருளை மாணவர் பலர் வினவுவதுண்டு. ஓர் இறாத்தல் ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று சரியாகப் பொருந்தும் விட்டமுடைய குழலே 12 போர்க் குழலாகும். அவ்விட்டம் 0.729 அங்குலம். 20 உருண்டைகளாக வார்த்தால் ஒவ்வொன்றும் சிறியதாகும். ஆகவே 20 போர் என்பது 12 போரிலும் ஒடுங்கியது. எண் பெருகப் பெருகப் பொருள் சிறுகும் இம்முறையே சன்னங்களின் எண்ணிலும் காணப்படுகின்றது. ஆங்கிலேய அளவுப்படி ஓர் அவுன்சில் 3ஆம் இலக்கச் சன்னம் 140 அடங்கும். 4ஆம் இலக்கம் 170. 5ஆம் இலக்கம் 220. 6ஆம் இலக்கம் 270. 7ஆம் இலக்கம் 340. 8ஆம் இலக்கம் 450. இவ்விலக்கங்கள் எல்லா நாட்டிற்கும் பொதுவானவையல்ல. அமெரிக்கரின் 6ஆம் இலக்கம் ஆங்கிலேயரின் 5ஆம் இலக்கத்தோடு ஏறக்குறைய ஒத்தது. ஆதலின் பெட்டியிலே அச்சிடப்பட்டுள்ள மில்லிமீற்றர் அளவைப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு. ஆங்கிலேய 5ஆம் இலக்கம் 2.8 மில்லிமீற்றர், 6ஆம் இலக்கம் 2.6 மில்லிமீற்றர்.

இத்துணைச் சிறிய மணிகளை ஒரே அளவில் உருட்டியெடுப்பது எவ்வாறு? பிரித்தல் நகரத்து வில்லியம் வாற்சு என்பவர் 1782ஆம் ஆண்டில் இதற்குரிய வழியொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். சிறிதளவு ஆர்செனிக் கலந்து உருக்கிய ஈயத்தை உயரமான கோபுரத்தின் மேலிருந்து துளைத்தட்டின் வழியாகச் சொரிந்தார். விழும் துளிகள் மழைத்துளி போல உருண்டு திரண்டு, கீழேயுள்ள தண்ணீர்த் தொட்டியில் வீழ்ந்து இறுகின. இலண்டன் தேம்சு நதியின் தென்கரையில் 1826இற் கட்டப்பட்ட இத்தகைய கோபுரமொன்று 1951ஆம் ஆண்டுப் பிரித்தானிய விழாவின்போதும் காட்சியளித்தது, 1962இல் இடிக்கப்பட்டது. பிற்காலத்தில் ஈயத்தோடு அந்திமனி கலந்து சன்னத்தைக் கடினமாக்கினர். மெதுவான சன்னம் குழலினுள் நசுங்கி உருக்குலைந்து திசைமாறிப் போகும். கடினமான சன்னம் நேரே செல்லும்.

இனித் தெரிவின் உட்கருத்துக்கு வருவோம். ‘பெரிய சன்னம் பெரிய பலம், ஆகவே பெரியதையே இடுவோம்’ என்று புதியவன் எண்ணுவான். ‘சிறியதானால் எண்ணிக்கை மிகும்; ஒன்றாவது படும்’ என்று இன்னொருவன் எண்ணுவான். இருவரும் பாதி உண்மையையே கண்டவர். ஒரு மிருகம் உடனே இறத்தற்கு இரண்டு வேண்டும். உயிர்நிலையிலே போதிய எண்ணிக்கையான சன்னங்கள் படவேண்டும்; பட்ட ஒவ்வொன்றும் தோலையும் தசையையும் ஊடுருவி உள்ளுறுப்பை எட்டும் வலிமையுடையதாதல் வேண்டும். ஒரே நிறையுள்ள ஈயத்தில் ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். இவ்விரண்டுக்குமிடையே நடுநிலை காண்பதே தோட்டாத் தெரிவாகும்.

இதனைக் கணக்காற் காட்டலாம். 12 போர்த் துவக்கின் வழக்கமான தோட்டாவில் 30 கிராம், அஃதாவது ஓர் அவுன்சும் பதினாறில் ஒரு பங்கும் சன்னமுண்டு. 6ஆம் இலக்கமாயின் மொத்தம் ஏறக்குறைய 287 சன்னம். அவற்றிற் பாதி, 40 யார் தூரத்திலே 30 அங்குல விட்டமுள்ள வட்டமொன்றினுள் விழுவதாகக் கொள்வோம். அவ்வட்டத்தின் பரப்பு 707 சதுர அங்குலம். 143 சன்னம் அதிற் பரவினால் ஐந்து சதுர அங்குலத்துக்கு ஒன்று கிடைக்கும். முயலின் தலை, கழுத்து, நெஞ்சு ஆகியன சேர்ந்த முன்பகுதி ஒரு கையகலமேயாகும். கணக்கிற்காக அதனை 20 சதுர அங்குலம் என்று கொண்டால், அங்கே நான்கு சன்னம் படும் என எதிர்பார்க்கலாம். 5ஆம் இலக்கமாயின் மூன்றுக்குச் சற்று மேல். ஆனால் ஒவ்வொன்றும் 6ஆம் இலக்கத்திலும் நாலிலொரு பங்களவு நிறை கூடியது.

இப்பொழுது ‘பெரியதே பலம்’ என்றவனின் 3ஆம் இலக்கத்தைப் பார்ப்போம். மொத்தம் 149 சன்னம், வட்டத்தினுள் 74, உயிர்நிலைக்கு இரண்டே. இது சராசரி. சன்னங்கள் சதுரங்கக் கட்டம் போல ஒழுங்காக விழுவதில்லை. ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் வெற்றிடமாகவும் விழும். ஆகவே சராசரி இரண்டென்றால், ஒன்றும் படாமற் போவதும் பின்காலில் மட்டும் ஒன்று படுவதும் அடிக்கடி நேரும். எண்ணிக்கையை நம்பினவனின் 8ஆம் இலக்கமோ வட்டத்தினுள் 239 சன்னத்தைத் தரும். ஆயின் ஒவ்வொன்றும் 5ஆம் இலக்கத்தின் பாதி நிறையே உடையது. அணித்தே நிற்கும் முயலுக்கு அது போதும். தூரத்தே நிற்பதை அது தோலிலே துளைத்து நோகச் செய்யுமேயன்றிக் கொல்லாது. இதனாலேயே இங்கிலாந்திலே தலைமுறைகளாக முயலுக்கு 6ஆம் இலக்கமும் 5ஆம் இலக்கமும் நிலைபெற்றன. நெருங்கிய தூரத்திற் சுடுவோர் 7ஆம் இலக்கத்தையும் கையாள்வர். மயிரடர்ந்த பெரிய உடலுடைய நெடுங்கால் முயலுக்கோ 5ஆம் இலக்கமும் 4ஆம் இலக்கமுமே விரும்பப்பட்டன.

மேற்சொன்ன கணக்கிற் ‘பாதிச் சன்னம் வட்டத்தினுள் விழும்’ என்று கொண்டோம். அது துவக்கின் குழல்வாயைப் பொறுத்தது. குழலின் வாய் சிறிது ஒடுக்கப்பட்டிருந்தால், தண்ணீர்க் குழாயின் நுனியை விரலால் ஒடுக்கியதுபோலச் சன்னக் கூட்டம் நெருங்கிச் செல்லும். இதனைச் ‘சோக்’ என்பர். ஒடுக்கமே இல்லாத குழல் 40 யாரில் நூற்றுக்கு 40 வீதத்தை வட்டத்தினுள் இடும். சிறிது ஒடுங்கியது 50 வீதம். அரைச் சோக் 60. முழுச் சோக் 70. முழுச் சோக்கே சிறந்ததென்று முடிவுகட்டலாகாது. 20 யாரிலே முழுச் சோக்கின் சன்னக் கூட்டம் 16 அங்குல அகலமே பரவியிருக்கும். ஓடும் முயலை அவ்வளவு ஒடுங்கிய கூட்டத்தாற் பிடிப்பது அரிது. பிடித்தாலோ இறைச்சி உண்ணுதற்கு உதவாதபடி சிதைந்துபோம். கீரியைப் போன்ற பெரற் என்னும் சிறு விலங்கை வளைக்குள் விட்டு, வெருண்டு வெளிப்படும் முயலை 15, 20 யாரிலே சுடுவது அந்நாட்டு வழக்கம். அதற்குச் சிறிது ஒடுங்கிய குழலும் 6ஆம் இலக்கமுமே பொருத்தமாம்.

எந்தத் தோட்டா எந்தத் துவக்கிற்கு இசையும் என்பதை நூலறிவு மட்டுங் கொண்டு முடிவு செய்தல் இயலாது. ஒரே சாலையில் ஒரே அளவாகச் செய்யப்பட்ட இரு துவக்குகளும் ஒரே தோட்டாவை வேறுவேறாகப் பரப்புதல் கூடும். ஆதலின் சோதித்தல் வேண்டும். நான்கடிச் சதுரமான தாளொன்றைப் பின்னே மண்மேடுள்ள பாதுகாப்பான இடத்திற் கட்டி, தான் வழக்கமாகச் சுடும் தூரத்தில் நின்று சுடவேண்டும். சன்னம் மிக நெருங்கிய இடத்தை நடுவாகக் கொண்டு 30 அங்குல வட்டம் வரைந்து துளைகளை எண்ணவேண்டும். ஒருமுறை போதாது, ஐந்தாறு தாள்களின் சராசரியே நம்பத்தக்கது. முயலின் முன்பகுதி அளவான மட்டைத்துண்டொன்றைத் தாளின் மேல் அங்குமிங்கும் நகர்த்திப் பார்த்தால், ஒரு சன்னமும் படாத வெற்றிடங்கள் எத்தனை என்பது தெளிவாகும். அவ்வெற்றிடங்களே காயப்பட்டுத் தப்பும் முயல்கள்.

அந்தத் தாள் இன்னோர் உண்மையையும் போதிக்கும். 30 யாரிலே செறிந்து தோன்றிய துளைகள் 40 யாரில் ஐதாகும். 50 யாரிலோ பெரும் இடைவெளிகள் விழும். எத்தோட்டாவை மாற்றியும் இதனைத் தடுக்கமுடியாது. இதனாலேயே அறிவுள்ள வேட்டைக்காரர் முயலுக்கு 35 யாரளவையே எல்லையாகக் கொள்வர். ஒருவர் கடையிலே நின்று தோட்டாவைத் தெரிவு செய்யும்பொழுது, உண்மையில் தாம் எத்தூரத்துக்கப்பால் விசையை இழுக்கமாட்டார் என்பதையே தெரிவு செய்கின்றார். 35 யார் என்பது எத்தனை எட்டு என்று கால்களுக்குப் பழக்காதவர் எத்தோட்டாவை வாங்கினும் பயனில்லை.

பாதுகாப்பைப் பற்றியும் இங்கு இரண்டொரு சொற் கூறவேண்டும். குழலின் அடியிலே தோட்டா இருக்கும் அறையின் நீளம் பழைய ஆங்கிலத் துவக்குகள் பலவற்றில் இரண்டரை அங்குலம். பிற்காலத்தவை பலவற்றில் இரண்டேமுக்கால். நீளக்கூடிய தோட்டாவைக் குறுகிய அறையில் இட்டால், மூடி விரிய இடமின்றி அழுத்தம் அபாயகரமாக உயரும். அடைக்கும்பொழுது உள்ளே செல்கின்றதே என்று ஏமாறலாகாது. மூடி மடிந்திருக்கும்வரை தோட்டா குறுகியதாகவே தோன்றும். மற்றொன்று இதனினும் கொடியது. 20 போர்த் தோட்டாவைத் தவறுதலாக 12 போர்த் துவக்கில் இட்டால், அது வழுக்கிச் சென்று குழலின் நடுவே சிக்கிக்கொள்ளும். அறை வெறுமையாகத் தோன்றுவதால் அதன் பின்னே இன்னொரு தோட்டாவை இட்டுச் சுட்டால் குழல் வெடித்துக் கையைச் சிதைத்துவிடும். இவ்விபத்தைத் தவிர்த்தற்கே 20 போர்த் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிறம் இடும் வழக்கம் ஏற்பட்டது. இரு வகையையும் ஒரே பையில் வைத்தலாகாது.

இதுகாறும் ஈயச் சன்னத்தையே பேசினோம். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அதற்கு இணையில்லை. கனமும் மெதுமையும் மலிவும் ஒருங்கே உடையது. ஆயினும் ஈயம் நஞ்சு. நீர்நிலைகளிலே வீழ்ந்த சன்னங்களை நீர்ப்பறவைகள் பரற்கல் என்றெண்ணி விழுங்கி இறக்கின்றன. சுட்டவன் கண்டெடுக்காத முயலைத் தின்னும் பருந்தினங்களின் உடலிலும் அந்நஞ்சு சேருகின்றது. சன்னம் இறைச்சியில் மோதும்போது கண்ணுக்குப் புலப்படாத துகள்களாகச் சிதறுவதால், சன்னத்தைப் பொறுக்கி எடுத்துவிட்ட கறியிலும் ஈயம் எஞ்சுகின்றது. பிரித்தானிய உணவுத்தர நிறுவனம் 2012ஆம் ஆண்டில், ஈயத்தாற் சுடப்பட்ட வேட்டையிறைச்சியை அடிக்கடி உண்போர், சிறப்பாகச் சிறுவரும் கருவுற்ற தாய்மாரும், அதனை இயன்றவரை குறைக்கவேண்டுமென அறிவுறுத்தியது. டென்மார்க்கு 1996இலேயே ஈயச் சன்னத்தைத் தடைசெய்தது. இங்கிலாந்து 1999இல் நீர்ப்பறவை வேட்டையில் அதனை விலக்கியது. 2025 யூலையிலே பிரித்தானிய அரசு, மூன்றாண்டு இடைக்காலம் அளித்து ஈயச் சன்னத்துக்குப் பரந்த தடை கொணரப் போவதாக அறிவித்தது.

ஈயத்துக்குப் பதிலாகப் பெரிதும் வழங்குவது உருக்குச் சன்னம். ஈயம் தண்ணீரிலும் பதினொரு மடங்குக்கு மேல் அடர்த்தியுடையது. உருக்கோ எட்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஆகவே அதே பருமனுள்ள உருக்குச் சன்னம் நிறை குறைந்து விரைவிலே தளர்ந்துவிடும். இக்குறையை ஈடுசெய்ய, ஈயத்திலும் இரண்டு இலக்கம் பருத்த சன்னத்தை எடுக்கவேண்டும் என்பது பொது விதி. ஈயத்தில் 6 கையாண்டவர் உருக்கில் 4 கையாளவேண்டும். எண்ணிக்கை குன்றிவிடுமோ என்று அஞ்சவேண்டியதில்லை. உருக்கு இலேசானதாதலால் 4ஆம் இலக்கத்தில் ஓர் அவுன்சுக்கு ஏறக்குறைய 230 சன்னம் அடங்கும். இது 5ஆம் இலக்க ஈயத்தின் எண்ணிக்கையை ஒத்தது. ஆயினும் உருக்கு கடினமானது. குழலைக் கீறாவண்ணம் அதனைக் கிண்ணம் போன்ற தக்கையில் ஏந்திச் செலுத்தவேண்டும். முழுச் சோக்கு ஆகாது. கல்லிலும் மரத்திலும் பட்டுத் திரும்பித் தெறிக்கும். பழைய துவக்குகளை அறிந்த கம்மியரிடம் காட்டாது உருக்கைச் சுடலாகாது. அத்தகையவற்றுக்குப் பிஸ்மத் என்னும் உலோகச் சன்னம் ஏற்றது. மெதுவானது, ஈயத்தை ஓரளவு ஒத்த அடர்த்தியுடையது, ஆனால் விலை மிகுந்தது.

உருக்குக்கு மாறியோர் சிலர் ‘இது கொல்லவில்லை’ என்று குறை கூறுவர். அவர் பழைய இலக்கத்தையே வாங்கிப் பழைய தூரத்திலேயே சுட்டனரா என்று முதலில் வினவுதல் வேண்டும். சன்னத்தைப் பருமனாக்கி, தூரத்தை 30 யாராகச் சுருக்கி, தாளிலே மீண்டும் சோதித்தவருக்கு முயல் வேட்டையில் உருக்கு போதுமானதே. பொருள் மாறினும், எண்ணிக்கையும் வலிமையும் ஒன்றையொன்று ஈடுசெய்யவேண்டும் என்னும் கணக்கு மாறவில்லை.

நம் நாட்டிலே துவக்கு வைத்திருத்தற்கும் காட்டுயிரைக் கொல்லுதற்கும் தனிச் சட்டங்கள் உண்டு. அவற்றை அறியாது எவரும் இச்செய்திகளைச் செயலிற் கொள்ளலாகாது. ஆனால் இதிலுள்ள பாடம் எல்லோருக்கும் உரியது. பயிரைக் காக்கவோ உணவைப் பெறவோ ஓர் உயிரைக் கொல்ல நேருமிடத்து, அச்செயலை விரைவாகவும் துன்பமின்றியும் முடிக்கும் அறிவைத் தேடிக்கொள்வது கொல்வோனின் கடமை. அந்தியிலே வேலியோரம் முயலொன்று நிற்கின்றது; தூரமோ 45 யார். பெட்டியிலுள்ள எந்தத் தோட்டாவும் அதற்கு ஏற்றதன்று என்று கணக்குச் சொல்லும். அப்பொழுது துவக்கைத் தாழ்த்தி, அது வளைக்குத் திரும்பிச் செல்வதைப் பார்த்துவிட்டு வீடு திரும்புபவனே நல்ல வேட்டைக்காரன்.